கூகுள் ஃபோட்டோஸ், ஆப்பிள், விண்டோஸ், டிஜிகேம்: உங்கள் படங்களை எதை நம்பி வைப்பது?

வீட்டில் ஒரு பெரியவர் தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஒரு நல்ல படத்தை ஃபிரேம் போட்டு மாட்டணும். "உன்கிட்டதான் நிறைய ஃபோட்டோ இருக்கும், ஒண்ணு தேடி அனுப்புப்பா" என்று சித்தப்பா ஃபோன் செய்கிறார். நீங்கள் பெங்களூருவிலோ புனேவிலோ உட்கார்ந்து தேடத் தொடங்குகிறீர்கள்.

ஃபோனில் பல ஆயிரம் படங்கள். அதில் பாதி ஸ்கிரீன்ஷாட், ஹோட்டல் பில், பார்க்கிங் பில்லர் நம்பர், காலை வணக்கம் மெசேஜ். ஒருவழியாக, தங்கை கல்யாணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்த ஒரு படம் கிடைக்கிறது. அனுப்பிய பத்தாவது நிமிடம் ஸ்டூடியோவிலிருந்து பதில் வருகிறது: "12-க்கு 18 சைஸ்ல இது உடைஞ்சு போயிடும் சார். வாட்ஸ்அப்ல வந்த படம் மாதிரி இருக்கே. ஒரிஜினல் இருக்கா?"

அவர் சொல்வது சரியான கணக்கு. 18 அங்குல நீளத்துக்குத் துல்லியமாகப் பிரிண்ட் எடுக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 5,400 பிக்சல் இருந்தால் நல்லது. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளம் சுமார் 1,600 பிக்சல்தான். அங்குலத்துக்கு 89 புள்ளிகூட முழுசாகத் தேறாது.

ஒரிஜினல் எங்கே? அதை எடுத்த ஃபோனை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது.

"எந்த ஃபோட்டோ சாஃப்ட்வேர் நல்லது?" என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும். ஃபில்டர் எத்தனை இருக்கிறது, தோற்றம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். நாளைக்கு ஒரு படம் தேவைப்படும்போது அது முழு அளவில், சரியான தேதியுடன், தேடினால் கிடைக்கும் நிலையில் இருக்குமா? அதுதான் முதல் கேள்வி.

ஒப்பிடும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

எந்த மென்பொருளாக இருந்தாலும், இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

1. ஒரிஜினல் படம் எங்கே இருக்கிறது? உங்கள் கம்ப்யூட்டரிலா, அந்த நிறுவனத்தின் சர்வரிலா, இரண்டிலுமா?

2. நீங்கள் சேர்க்கும் விவரங்கள், அதாவது முகத்துக்கு வைத்த பெயர், ஆல்பம், குறிப்பு, திருத்திய தேதி எல்லாம் எங்கே எழுதப்படுகின்றன?

3. ஓரிடத்தில் டெலீட் செய்தால் எங்கெல்லாம் அழியும்?

4. நாளைக்கு இதை விட்டு வெளியேற வேண்டுமென்றால் எவ்வளவு சிரமம்?

முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் வருஷக்கணக்கான உழைப்பு வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

படத்துக்குள் என்ன இருக்கிறது?

கேமராவோ ஃபோனோ ஒரு படம் எடுக்கும்போது, அந்த ஃபைலுக்குள்ளேயே சில விவரங்களையும் சேர்த்து எழுதிவிடுகிறது. எடுத்த தேதி, நேரம், கேமரா மாடல், லொகேஷன் ஆன் செய்திருந்தால் இடம். இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். இது தவிர, நீங்கள் பின்னர் சேர்க்கும் குறிப்பு, டேக் போன்றவற்றை எழுத எக்ஸ்எம்பி என்ற பொதுவான முறை ஒன்று உண்டு. பழைய புகைப்படத்தின் பின்பக்கம் பென்சிலில் "1984, மாமா வீட்டு கிரகப்பிரவேசம்" என்று எழுதி வைப்போமே, கிட்டத்தட்ட அதேதான்.

ஒரு மென்பொருள் உங்கள் குறிப்புகளை இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். படத்தின் 'பின்பக்கத்திலேயே' எழுதலாம். இல்லையென்றால், தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில், அதாவது தன்னுடைய டேட்டாபேஸில் எழுதலாம். இரண்டாவது முறையில் தேடல் வேகமாக இருக்கும். ஆனால் மென்பொருளை மாற்றும்போது நோட்டுப் புத்தகம் அங்கேயே தங்கிவிடும், படம் மட்டும் உங்களோடு வரும்.

வாட்ஸ்அப் விஷயமும் இங்கேதான் வருகிறது. வாட்ஸ்அப்பில் 'ஃபோட்டோ'வாக அனுப்பும்போது படம் சுருங்குவதோடு, உள்ளே இருக்கும் எக்ஸிஃப் விவரமும் போய்விடுகிறது. அதனால்தான் 2019 பொங்கலுக்கு எடுத்த படம், நீங்கள் டவுன்லோட் செய்த 2023 தேதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'டாக்குமெண்ட்'டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போய்ச் சேரும். கல்யாணம், காதுகுத்து படங்களை யாராவது அனுப்புகிறேன் என்றால், "டாக்குமெண்ட்டா அனுப்புங்க" என்று சொல்லிப் பழகுங்கள்.

பிகாசா சொல்லிக்கொடுத்த பாடம்

உங்கள் வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் பிகாசா இருந்திருக்கலாம். 2004-ல் கூகுள் வாங்கி இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டரில் படம் இருந்தாலும் தேடிக் காட்டும், முகங்களை அடையாளம் கண்டு பெயர் கேட்கும். 2016 பிப்ரவரியில் அதை நிறுத்தப் போவதாகக் கூகுள் அறிவித்தது. மார்ச் 15-உடன் அதற்கான ஆதரவு முடிந்தது.

அப்போது என்ன ஆனது? படங்கள் பிழைத்தன. ஏனென்றால் பிகாசா ஒரிஜினலைத் தொடாமல், உங்கள் ஃபோல்டரிலேயே விட்டு வைத்திருந்தது. ஆனால் செய்த திருத்தங்களும் முகங்களுக்கு வைத்த பெயர்களும் பெரும்பாலும் அதன் சொந்தக் குறிப்பு ஃபைல்களில் இருந்தன. பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதும் வசதி பின்னாளில் வந்தது. ஆனால் அதை ஆன் செய்யாதவர்கள் வேறு மென்பொருளுக்குப் போனபோது, பெயர் வைக்கும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பிகாசா மட்டுமில்லை. ஆப்பிள் தன் ஐஃபோட்டோ, அப்பர்ச்சர் இரண்டையும் கைவிட்டு 2015-ல் 'ஃபோட்டோஸ்' செயலியைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோட்டோ கேலரி 2017 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. இவை எதுவும் சின்ன கம்பெனிகளின் தயாரிப்பு இல்லை. இன்றைக்கு நாம் பயன்படுத்துவதும் ஒரு நாள் நிறுத்தப்படும் என்று எடுத்துக்கொண்டு ஏற்பாடு செய்வதுதான் புத்திசாலித்தனம்.

கூகுள் ஃபோட்டோஸ்: தேடுவதில் கில்லாடி

ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருக்கும் பெரும்பாலானோர் ஏற்கெனவே இதில்தான் இருக்கிறோம். 'பீச்', 'நாய்', 'பிறந்தநாள் கேக்' என்று தேடினால் எடுத்துக் கொடுக்கும். ஒருவரின் முகத்துக்குப் பெயர் வைத்துவிட்டால், அவர் இருக்கும் படங்களையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும். ஃபோன் தொலைந்தாலும், பேக்கப் ஆன் ஆகியிருந்தால் படம் பத்திரம்.

2015-ல் அறிமுகமானபோது, சற்றே சுருக்கப்பட்ட தரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அது நின்றுவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. ஒரு படம் 4 எம்.பி என்று வைத்தால்கூட, வேறு எதுவும் இல்லாமல் சுமார் 3,750 படத்தில் நிரம்பிவிடும். நிரம்பினால் படம் ஏறாது என்பதோடு முடிவதில்லை, ஜிமெயிலுக்கு மெயில் வருவதும் நின்றுபோகலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் சந்தா.

கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, தரம். 'ஸ்டோரேஜ் சேவர்' என்ற அமைப்பில் இருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குச் சுருக்கப்படும், வீடியோக்கள் 1080பி-க்கு இறங்கும். சாதாரண பிரிண்ட்டுக்கு இது போதும். ஆனால் 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது. செட்டிங்ஸில் எது தேர்வாகி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

இரண்டாவது, டெலீட். 'ஃபோன்ல இடம் பத்தல, அதான் கிளவுட்ல இருக்கே' என்று நினைத்து செயலிக்குள் டெலீட் செய்தால், கிளவுடிலிருந்தும் போய்விடும். 60 நாள் டிராஷில் இருக்கும், பிறகு கிடைக்காது. ஃபோனில் மட்டும் இடம் காலியாக்க 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற தனி ஆப்ஷன் இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, வெளியேறுவது. கூகுள் டேக்அவுட் மூலம் எல்லாப் படங்களையும் ஜிப் ஃபைல்களாக இறக்கலாம். வழி திறந்தே இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய குறிப்பு, திருத்திய தேதி, வைத்த பெயர் போன்றவை படத்துக்குள் வராமல், பக்கத்தில் ஒரு ஜேசன் ஃபைலாக வரும். அவற்றை மீண்டும் படத்தோடு சேர்க்கத் தனிக் கருவிகள் தேவைப்படும்.

இன்னொன்று: இரண்டு வருஷம் தொடாமல் விட்ட கூகுள் கணக்குகளை அழிக்கும் நடைமுறை 2023 டிசம்பரில் தொடங்கியது. அம்மாவின் பழைய ஜிமெயிலில் படங்கள் இருந்தால், அவ்வப்போது உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆப்பிள் ஃபோட்டோஸ்: வீட்டுக்குள் எல்லாம் சுகம்

ஐஃபோன், மேக் இரண்டும் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிதான வழி இல்லை. ஃபோனில் எடுத்தது லேப்டாப்பில் தானாக வந்துவிடும். முகங்களை அடையாளம் காணும் வேலை உங்கள் கருவியிலேயே நடக்கிறது.

இலவச இடம் 5 ஜி.பி மட்டும். ஐஃபோனில் 4கே வீடியோ ஒரு நிமிடம் எடுத்தாலே சுமார் 170 எம்.பி ஆகும். அரை மணி நேர வீடியோவில் 5 ஜி.பி காலி. ஆக, சந்தா கட்டாமல் ஐகிளவுடில் முழு படத்தொகுப்பையும் வைப்பது நடக்காத காரியம்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஐகிளவுட் ஃபோட்டோஸ் என்பது பேக்கப் இல்லை, சிங்க். ஃபோனில் டெலீட் செய்தால் மேக், ஐபேட், ஐகிளவுட் எல்லாவற்றிலிருந்தும் போகும். 30 நாள் 'ரீசன்ட்லி டெலீட்டட்'டில் இருக்கும், அவ்வளவுதான். 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' ஆன் செய்திருந்தால் உங்கள் மேக்கில் இருப்பதில் பல படங்கள் சின்ன பிரதிகள்தான், ஒரிஜினல் ஆப்பிள் சர்வரில் இருக்கும். அந்த மேக்கை ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு "எல்லாம் பத்திரம்" என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

வெளியே எடுக்கும்போது 'எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைட் ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பு, குறிப்பு, கீவேர்டு ஆகியவற்றை எக்ஸ்எம்பி ஃபைலாகக் கூடவே எடுக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. முகங்களுக்கு வைத்த பெயர்கள் கூட வருவதில்லை.

ஐஃபோன் 2017 முதல் பயன்படுத்தும் ஹெச்இஐசி என்ற வடிவம் சில விண்டோஸ் லேப்டாப்களில் திறக்காது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கான எக்ஸ்டென்ஷன் கிடைக்கிறது. இல்லையென்றால் கேமரா செட்டிங்ஸில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிடலாம்.

விண்டோஸ் ஃபோட்டோஸும் ஒன்டிரைவும்

விண்டோஸ் லேப்டாப்பில் தானாகவே இருக்கும் ஃபோட்டோஸ் செயலி, உங்கள் ஃபோல்டர்களை அப்படியே திறந்து காட்டுகிறது. ஃபோல்டரை நீங்கள் ஒழுங்காக வைத்திருந்தால் அதுவும் ஒழுங்காக இருக்கும். சின்னச் சின்னத் திருத்தம் செய்ய, பார்க்க, போதுமானது. பத்து வருஷப் படங்களை டேக் போட்டு நிர்வகிக்க இதை நம்ப முடியாது.

இதோடு இணைந்து வேலை செய்வது ஒன்டிரைவ். இலவசமாக 5 ஜி.பி. மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் சந்தா ஏற்கெனவே இருந்தால் 1,000 ஜி.பி கிடைக்கும். வேர்டு, எக்செலுக்காகச் சந்தா கட்டிவிட்டு, அந்த இடத்தைத் தொடாமலே விட்டிருப்பவர்கள் நம்மில் நிறைய பேர்.

புது லேப்டாப் செட்டப் செய்யும்போது அவசரத்தில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தியிருந்தால், உங்கள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். அது தப்பில்லை. ஆனால் அப்படி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கணும். 'இங்கேயும் இருக்கு, ஒன்டிரைவ்லயும் இருக்கு' என்று நினைத்து ஓரிடத்தில் அழித்தால் இரண்டு பக்கமும் அழியும்.

டிஜிகேம்: இலவசம், ஆனால் கொஞ்சம் பொறுமை வேணும்

பெயரை அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2001-ல் தொடங்கப்பட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சந்தா இல்லை, விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. படங்கள் உங்கள் ஃபோல்டரில், உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும்.

பிகாசாவை விரும்பியவர்களுக்கு இன்று அதற்கு நெருக்கமாக இருப்பது இதுதான். முகங்களை அடையாளம் காணும், ஒரே மாதிரி படங்கள் இரண்டு மூன்று இருந்தால் கண்டுபிடித்துக் கொடுக்கும், டேக்குகளைக் கிளை கிளையாகப் பிரித்து வைக்கலாம். 'குடும்பம்' என்ற டேக்குக்குள் 'அம்மா வழி', அதற்குள் 'சேலம் பெரியம்மா' என்று போகலாம். எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே நடக்கும், படம் எந்த சர்வருக்கும் போகாது.

முதல்முறை திறக்கும்போது, விவரங்களைப் படத்துக்குள் எழுதலாமா என்று கேட்கும். 'சரி' என்று சொல்லுங்கள். நீங்கள் வைக்கும் டேக், பெயர், குறிப்பு எல்லாம் ஃபைலுக்குள்ளேயே போகும். நாளைக்கு டிஜிகேமே இல்லாமல் போனாலும், எக்ஸ்எம்பி படிக்கத் தெரிந்த வேறு மென்பொருள் அவற்றை எடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன இரண்டாவது கேள்விக்கு இங்கே பேசும் மென்பொருள்களில் தெளிவான பதில் தருவது இதுதான்.

குறைகளும் உண்டு. பட்டன்கள் ஏராளம், முதல் நாளில் மிரட்டும். முகங்களைத் தேட விட்டால் பழைய லேப்டாப் திணறும். ஃபோன் செயலி கிடையாது. பேக்கப்பை நீங்கள்தான் எடுக்கணும்.

இத்தனை வேண்டாம், படத்தைச் சட்டென்று பார்த்து, பெயர் மாற்றி, தேவையில்லாததைத் தூக்கினால் போதும் என்பவர்களுக்கு எக்ஸ்என்வியூ எம்பி, இர்ஃபான்வியூ போன்ற சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. சொந்தப் பயன்பாட்டுக்கு இரண்டும் இலவசம். பழைய லேப்டாப்பிலும் வேகமாக ஓடும்.

லைட்ரூம்: கேமரா வாங்கியவர்களுக்கு

அடோபி லைட்ரூம் 2007-ல் வந்தது. தனி கேமராவில் ரா வடிவத்தில் படம் எடுத்து, நிறம், வெளிச்சம் திருத்துபவர்களுக்கு இது ஒரு நல்ல பட்டறை. ஃபோனில் மட்டும் படம் எடுப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

லைட்ரூம் கிளாசிக்கில் படங்கள் உங்கள் ஃபோல்டரில் இருக்கும். திருத்தங்களும் குறிப்புகளும் 'கேட்டலாக்' என்ற ஒரே ஃபைலில் இருக்கும். படத்தை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இடம் மாற்றினால், 'படத்தைக் காணோம்' என்று லைட்ரூம் ஆச்சரியக்குறி காட்டும். எனவே இடம் மாற்றுவதை உள்ளிருந்தே செய்யுங்கள். எக்ஸ்எம்பி-யில் தானாக எழுதும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது, ஆன் செய்துவிடுங்கள். கேட்டலாக் ஃபைலையும் பேக்கப் எடுங்கள்.

சந்தா முடிந்துவிட்டால்? கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி மூடிவிடும்.

என்டே, இம்மிச்: "என் படத்தை யாரும் பார்க்க வேண்டாம்" என்பவர்களுக்கு

கூகுள், மைக்ரோசாஃப்ட் சர்வரில் இருக்கும் படம் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. ஆப்பிளிலும் 'அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்' என்பதை நீங்களாக ஆன் செய்தால்தான் சாவி உங்களிடம் மட்டும் இருக்கும்.

இதற்கு மாற்றாக வந்தது என்டே. மலையாளத்தில் 'என்னுடைய' என்று பொருள். கூகுளில் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர் ஒருவர் தொடங்கியது. படம் உங்கள் கருவியிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகிறது, முகம் அடையாளம் காண்பதும் கருவியில்தான். டெஸ்க்டாப் செயலி மூலம் எல்லாப் படங்களையும் சாதாரண ஃபோல்டராக இறக்கிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: பாஸ்வேர்டு, ரெக்கவரி கீ இரண்டையும் தொலைத்தால் அவர்களாலும் திறந்து கொடுக்க முடியாது. ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

இம்மிச் இன்னொரு வகை. கூகுள் ஃபோட்டோஸ் மாதிரியே தோற்றம், ஆனால் சர்வர் உங்கள் வீட்டில். 24 மணி நேரமும் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், டாக்கர் பற்றிய அறிமுகம், அதற்கும் தனியாக ஒரு பேக்கப் இதெல்லாம் வேணும். ஐடி வேலையில் இருந்து, வார இறுதியில் இப்படி நோண்டுவது பிடிக்கும் என்றால் தாராளமாக இறங்கலாம். அம்மாவின் படங்களுக்கு அதை ஒரே நம்பிக்கையாக வைக்காதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது சர்வர் நின்றால் யார் பார்ப்பது?

சரி, நான் எதை எடுத்துக்கொள்வது?

ஃபோன் மட்டும்தான், பெரிதாக மெனக்கெட முடியாது: கூகுள் ஃபோட்டோஸ் அல்லது ஐகிளவுட், சந்தாவோடு. கூடவே வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இறக்குங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாகத் தயாராகும்படி டேக்அவுட்டில் அமைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் லேப்டாப், மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருக்கிறது: ஒன்டிரைவில் சேமிப்பு, டிஜிகேமில் டேக். ஆனால் டிஜிகேமின் டேட்டாபேஸ் ஃபைலை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள்.

பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்யப் போகிறேன்: டிஜிகேம். ஸ்கேன் செய்த படத்துக்கு ஸ்கேன் செய்த தேதிதான் இருக்கும். எடுத்த வருஷத்தை நீங்கள்தான் எழுத வேண்டும், அது ஃபைலுக்குள் போவது முக்கியம்.

கேமராதான் பொழுதுபோக்கு: லைட்ரூம் கிளாசிக். தனியுரிமை முக்கியம்: என்டே.

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஒரு பிரதி போதாது. மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது நிபுணர்கள் நெடுநாளாகச் சொல்லும் 3-2-1 கணக்கு. நம் அளவுக்கு அதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: லேப்டாப்பில் ஒன்று, கிளவுடில் ஒன்று, ஊரில் அப்பா அம்மா வீட்டு பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க்.

ஆபீஸ் லேப்டாப்பில் வைக்காதீர்கள்

வேலைக்குப் போகும் பலரும் செய்யும் தப்பு இது. சொந்த லேப்டாப் இல்லாததால் குடும்பப் படங்களை ஆபீஸ் லேப்டாப்பிலோ, ஆபீஸ் மெயில் ஐடியோடு வரும் கிளவுடிலோ வைத்துவிடுகிறோம். கம்பெனி மாறும் நாளில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கணும். கணக்கு எந்த நிமிடம் மூடப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. வேலையை விட்டு அனுப்பப்படும்போது பேக்கப் எடுக்க நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம். கல்லூரி மெயில் ஐடியிலும் இதே கதைதான், படிப்பு முடிந்தபின் அது எத்தனை நாள் இருக்கும் என்பது கல்லூரியின் முடிவு. அங்கே ஏதாவது இருந்தால், அதை எடுப்பதுதான் முதல் வேலை.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

முதலில், படங்கள் எங்கெல்லாம் சிதறிக் கிடக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். இப்போதைய ஃபோன், பழைய ஃபோன், பென் டிரைவ், மெமரி கார்டு, வாட்ஸ்அப், பழைய ஜிமெயில், ஃபேஸ்புக்.

அடுத்து, எல்லாவற்றையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் கொண்டுவாருங்கள். இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். வருஷம் வாரியாக ஃபோல்டர் போதும். '2019-01 பொங்கல் ஊர்' என்று வருஷத்தை முதலில் வைத்துப் பெயர் கொடுத்தால் தானாக வரிசையாக நிற்கும்.

மூன்றாவது, ஒரிஜினல் உங்களிடம் இல்லாத முக்கியமான படங்களைப் பட்டியல் போடுங்கள். தங்கை கல்யாணப் படம் அதை எடுத்தவரின் ஃபோனில் இன்னும் இருக்கலாம். இன்றைக்குக் கேட்டால் கிடைக்கும். அவரும் ஃபோன் மாற்றிவிட்டால் போச்சு.

நான்காவது, பேக்கப் எடுத்த டிஸ்க்கை வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, நாலைந்து படம் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி ஃபோனைக் காலி செய்யாதீர்கள்.

கடைசியாக ஒன்று. முகத்தை அடையாளம் காண்பதில் மென்பொருள்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனால் 1970-களின் கறுப்பு வெள்ளைப் படத்தில் பாட்டிக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று எந்த மென்பொருளும் தானாகச் சொல்லாது. அம்மாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியும். அந்தப் படத்தை ஒரு நாள் அவர்களுக்கு அனுப்பி, வீடியோ காலில் வரிசையாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, குறிப்புப் பகுதியில் டைப் செய்யுங்கள். அது படத்துக்குள்ளேயே சேமிக்கப்படுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேரை அடுத்த வருஷம்கூட மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.